முப்பத்து நான்கிலிருந்து இறங்கி

சந்தோஞா துறைமுகத்தில் நெத்திலிக்கு முள் எடுக்கிறேன்.
பகல் முழுக்க உப்பு.
விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது,
வங்கி இயந்திரம் என்னை நம்ப மறுக்கிறது.
சாயங்காலம் ஏழு மணிக்கு
நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
வினைச்சொற்கள்.

ஆசிரியை இத்ஸியார் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள்.
பலகையில் எழுதுகிறாள்:
அப்ளார், பேச. தெஸீர், சொல்ல.
பேசுவது சாது. எந்தக் காலத்துக்கும் ஒரே சட்டை.
சொல்வது அப்படியில்லை,
தீகோ என்று உள்ளே போய் தீஹெ என்று வெளியே வருகிறது.
நேற்றுச் சொன்னதை இன்று அடையாளம் தெரியாது.
"எங்கள் முதலாளி மாதிரி" என்கிறான் மோதூ.
தீஹெ, நான் சொன்னேன்.
தீஹோ, அவள் சொன்னாள்.
வால் மட்டும்தான் வித்தியாசம், லமாரா, கவனம்.

அப்புறம் கய்யார், பேசாமலிருக்க.
இவர்களுக்கு மௌனமும் ஒரு வேலை, அதற்கும் ஆறு வடிவம்.
மரியாதையாக வாயை மூடச் சொன்னால் கய்யே.
தெருவுக்கும் அதே சொல்.
அன்றிரவு வீடு திரும்புகையில்
முனைக்கு முனை பெயர்ப்பலகைகள்
என்னைப் பார்த்து உஷ் என்றன.

கடைசியாக கொன்த்தார்.
எண்ணவும் அதுதான், கதை சொல்லவும் அதுதான்.
எது எப்போது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
இத்ஸியாருக்கும் தெரியவில்லை போல. தோளைக் குலுக்கினாள்.

தாழ்வார பெஞ்சில் லவ்ரேயானோ.
மீன் ஏலக்கூடத்தில் இருபத்தாறு வருடம் விலை கூவியவர்.
இங்கே ஏலம் ஏறாது, இறங்கும்.
உச்சியில் தொடங்கிப் படிப்படியாக,
யாராவது "மீஓ", எனக்கு, என்று கத்தும் வரை.
போன ஜனவரியில் மூளைக்குள் ஏதோ அடைத்து
சொற்கள் ஒன்றும் கரை திரும்பவில்லை.
எண்கள் மட்டும் தப்பி வந்தன.
பேச்சுப் பயிற்சிக்கு வருகிறார், எங்களுக்குப் பக்கத்து அறை.

எப்படி இருக்கிறீர்கள் என்றால்
"முப்பத்து நான்கு" என்பார். "முப்பத்து மூன்று."
முதல் வாரம் பயந்தேன்.
பிறகு பிடிபட்டது:
முப்பத்தொன்றில் மழையைத் திட்டுகிறார்.
இருபத்தெட்டு கிண்டல்,
இத்ஸியாரின் புது முடிவெட்டைப் பற்றி.
பத்தொன்பது மனைவி கூட்டிப்போக வரும்போது மட்டும்,
அதுவும் மெதுவாக.

என் மகனோடு நான் மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறேன்?
ஞாயிற்றுக்கிழமை, குத்தாயிசிக்கு:
இருநூறு அனுப்பினேன். நூற்றெண்பதுதான் வந்தது.
அங்கே குளிர்? மைனஸ் நான்கு.
குட்டிக்கு எத்தனை பல்?
முத்தத்தைக்கூட ஆயிரம் என்று எண்ணிப் போடுகிறோம்.

வியாழன். கடல் படிக்கட்டு வரை வந்துவிடும்போல் மழை.
இத்ஸியார் வரவில்லை இன்னும்.
வீட்டுப்பாடம்: யாருக்காவது ஒரு சம்பவத்தைச் சொல்.
பெஞ்சில் அவர்தான் இருந்தார்.

என் தங்கை, என்றேன். ஆறு, என்றேன்.
பாலத்துக்குச் சொல் தெரியவில்லை,
இரண்டு கையாலும் கட்டிக் காட்டினேன்.
சண்டை. அம்மாவின் தையல் மிஷினுக்காக.
எட்டு வருடமாகப் பேச்சில்லை, ஏனென்றால்
அந்தப் பாலத்தின் மேல் ஒரு வார்த்தை,
நாயிடம்கூடச் சொல்லாத வார்த்தை,
தீஹோ என்று தொடங்கினேன்.
வாயில் வந்தது தீஹெ.

வால் மட்டும்தான் வித்தியாசம்.
திருத்த வாய் திறந்தேன். திறந்தபடியே இருந்தேன்.

லவ்ரேயானோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"பதினாறு" என்றார், கூவும் குரலில்.
"பதினைந்து."
வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு படியிலும் என்னைப் பார்த்தார்.
பன்னிரண்டில் யாரோ விளக்குப் போட்டார்கள்.
பதினொன்று. பத்து.

மீஓ, என்றேன்.
சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பெஞ்சின் மரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு,
சரக்கு முடிந்தது என்பதுபோல்.
தொண்டையில் கிளம்பிவிட்ட ஒன்பதை
பாதியில் விழுங்கிக்கொண்டார்.

குடையை உதறியபடி இத்ஸியார் வந்தாள்.
வீட்டுப்பாடம் ஆயிற்றா, லமாரா?
ஆயிற்று.
எங்கே, சொல் பார்ப்போம்.

பத்து, என்றேன்.